மாடி அறையின் வெள்ளைப் புள்ளி

என்னோடு கல்லூரியில் படித்த தோழி கல்யாணமாகி பிரான்சுக்குப் போனபோது, நாங்கள் இருவரும் சேர்ந்து செய்துகொண்டிருந்த தொழில் அத்தோடு நின்றுவிடும் என்றுதான் இரண்டு வீட்டாரும் நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பாண்டிச்சேரிக்காரர்கள்தான். தாத்தா காலத்திலேயே பிரெஞ்சு குடியுரிமை பெற்ற குடும்பம். பாரீசுக்கு வெளியே ஏதோ ஓர் ஊரில் அடுக்குமாடி வீடு. நான் இங்கே பாண்டிச்சேரியில், உப்பளம் பகுதியில், ஸ்டேடியத்துக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு வாடகை வீட்டின் மாடியில். இருவரும் மொபைல் ஆப் எழுதுகிறவர்கள். தொழில் நிற்கவில்லை. போய்ச் சேர்ந்த சில மாதங்களில் அவளே ஒரு வேலையைப் பிடித்துக் கொடுத்தாள்.

இங்கே பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் வயதானவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் அங்கே, பெற்றோர் இங்கே. அவர்களுக்காக ஓர் ஆப். மாத்திரை நேரம் வந்தால் போன் பேசும், தமிழிலோ பிரெஞ்சிலோ. மாத்திரையை விழுங்கிவிட்டு, திரையின் மேல்மூலையில் இருக்கும் பச்சைப் பொத்தானைத் தொட வேண்டும். பொத்தானில் ‘போட்டுட்டேன்’ என்று எழுதியிருக்கும். தொட்டதும் பிரான்சில் இருக்கும் பிள்ளைக்குச் செய்தி போகும். தொடவில்லை என்றாலும் போகும். தமிழ்க் குரலை நானே பேசிப் பதிவு செய்தேன்.

சிக்கல் என்னவென்றால், ஒரு வகை போனுக்கு ஆப் தயாரிக்க வேண்டுமானால் அதே நிறுவனத்தின் கம்ப்யூட்டர்தான் வேண்டும். எங்கள் இருவருக்கும் சேர்த்து அப்படி ஒன்றுதான் இருந்தது, டிபன் பாக்ஸ் மாதிரி சின்னதாக ஒன்று. அதை எங்காவது நிலையாக வைத்துவிட்டு, அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் இன்டர்நெட் வழியாக அதற்குள் நுழைந்து வேலை செய்யலாம் என்று முடிவு செய்தோம். பரிசோதிக்க வேண்டிய போன்களையும் அதிலேயே செருகி வைத்துவிட்டால் இருவருக்குமே வசதி. வயதானவர்கள் கையில் இருப்பதெல்லாம் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போகும் பழைய போன்கள். அதனால் நாங்களும் பழைய போன்களாகத் தேடித் தேடி வாங்கினோம்.

என் வீட்டில் வைக்க முடியவில்லை. எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அக்காவைக் கேட்டேன்.

அக்கா என்னைவிட நிறைய மூத்தவள். அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு தட்டாஞ்சாவடியில் ஒரு ஸ்பாஞ்சு கம்பெனியில் தலையணை தைக்கப் போனாள். இப்போது அதே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சொந்தமாகச் சின்ன யூனிட் வைத்திருக்கிறாள். கீழே பெரிய ஹால். கூரை உயரத்துக்கு ஸ்பாஞ்சுக் கட்டிகள், நடுவில் வெட்டும் மெஷின், ஒட்டும் மேசை, தைக்கும் பெண்கள். ஹாலுக்குள்ளேயே ஓர் இரும்புப் படி. ஏறினால் மேலே ஒரு சின்ன அறை. முன்பு ஆபீசாக இருந்து சும்மா கிடந்தது.

“எடுத்துக்க. பூட்டித்தான் கெடக்குது. ஒரு சாவி நீ வெச்சிக்க, ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்” என்றாள். வாடகைப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

ஒரு நாள் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்தேன். தோழி வீடியோவில் கூடவே இருந்தாள். கம்ப்யூட்டர் தூங்கிப் போகக் கூடாது. கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ள வேண்டும். எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் வெளியிலிருந்து நுழையக் கூடாது. ஒவ்வொன்றாகச் சரி பார்த்தோம். போன்களை நிறுத்தி வைக்க ஏற்ற சாமான் கிடைக்காமல், கடைசியில் சமையலறையில் தட்டுகளைச் செருகி வைக்கும் எவர்சில்வர் ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வந்தேன். தட்டுக்குப் பதில் போன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர். எப்போதும் சார்ஜில் இருக்கும். ஒரு போனில் மட்டும் சிம் கார்டு போட்டு என் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு போனிலும் விரல் படும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும்படி செய்தேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது எங்கே தொடுகிறோம் என்று தெரிய வேண்டுமே. ஏசியைப் போட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து என் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். தட்டாஞ்சாவடித் திரை அப்படியே என் முன்னால் விரிந்தது. போன்களின் திரைகள் சின்னச் சின்னச் சன்னல்களாக வரிசையில் நின்றன. நான் மவுசைத் தொடவில்லை. ஆனால் அம்புக்குறி மெதுவாக நகர்ந்து ஒரு சன்னலைத் திறந்தது. உடனே தோழிக்குப் போன் போட்டேன்.

“நான்தாண்டி” என்று போனில் சிரித்தாள் தோழி. “பயந்துட்டியா?”

நானும் சிரித்தேன். ஆனாலும் யாரும் இல்லாத ஓர் அறையில் ஒன்று அசைவதைப் பார்க்கும்போது உடம்பில் ஏற்படும் அந்தக் கூச்சம் முழுதாகப் போகவில்லை.

வேலை நன்றாக நடந்தது. அவள் தூங்கும் நேரத்தில் நான் செய்வேன், நான் முடிக்கும் நேரத்தில் அவள் தொடங்குவாள். அறைக்கு நான் போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. அதற்காகத்தானே அப்படி அமைத்தோம்.

சித்திரை பிறந்து வெயில் ஏற ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் அக்கா போன் செய்தாள்.

“இன்னாடி வெச்சிருக்க மேல? ஒரு பொம்பள பேசுறா பேசுறான்னு இவளுங்க வேல செய்ய மாட்டேங்கிறாளுங்க.”

“அது என் குரலுக்கா. ஆப்பு பேசும். மாத்திரை போட்டுக்கங்கன்னு சொல்லும்.”

“உன் குரலுன்னு எனக்குத் தெரியாதா? நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாளுங்க. பூட்டுன ரூம்புக்குள்ள யாருக்கு மாத்திர குடுக்குறான்னு கேக்குறா பெருக்குற அம்மா. அவ இப்ப படி ஏறுறதே இல்ல.”

நான் எல்லா போன்களின் சத்தத்தையும் இங்கிருந்தபடியே நிறுத்தினேன். அறையைப் பெருக்கவும் இனி யாரும் போக வேண்டாம் என்றேன். அப்போது அது ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் எனக்குத் தெரிந்தது. தோழியிடம் சொல்லிச் சிரித்தேன்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் சோதனைகள் தப்பாக வர ஆரம்பித்தன. எல்லா போனிலும் அல்ல, சிம் போட்ட அந்த ஒரு போனில் மட்டும். மாத்திரை நேரம் வருவதற்கு முன்பே ‘போட்டுட்டேன்’ என்று பதிவாகியிருந்தது. ஒரு தடவை அல்ல, அடுத்தடுத்து. நான் எழுதியதில்தான் பிழை என்று நினைத்து வரிக்கு வரி தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், எந்தச் சோதனையையும் ஓட்டாமல், அந்தப் போனின் சன்னலை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு மேல்மூலையில் அந்த வெள்ளைப் புள்ளி தோன்றியது. துடித்தது. மறைந்தது. மறுபடி தோன்றி, பச்சைப் பொத்தானின் மேல் நின்றது. போட்டுட்டேன். போட்டுட்டேன். போட்டுட்டேன்.

தோழிக்குப் போன் செய்தேன். “நீ உள்ள இருக்கியா?”

“இல்லியே. கடைக்கு வந்திருக்கேன். ஏன்?”

விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. யாரோ இன்டர்நெட் வழியாக உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று இருவருக்கும் ஒரே நினைப்பு. வீட்டுக்கு ஓடிப் போய் பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினாள். யார் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். மாலையில் திரும்பக் கூப்பிட்டாள்.

“நம்ம ரெண்டு பேரத் தவிர யாரும் நுழையலடி. நல்லாப் பாத்துட்டேன்.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அப்படின்னா யாரோ விரலால தொடுறாங்க. அந்த ரூம்ல ஆள் இருக்கு.”

ஸ்டாண்டின் அடுத்த போன் ஒன்றின் கேமராவை இங்கிருந்தே திறந்தேன். அறை தெரிந்தது. மூடிய கதவு, எதிர்ச் சுவர், அக்கா எப்போதோ மாட்டிய தினசரிக் காலண்டர். யாரும் இல்லை. காலண்டர் தாள் கொஞ்சமும் அசையவில்லை. பக்கத்துச் சன்னலில் அந்த வெள்ளைப் புள்ளி துடித்துக்கொண்டேயிருந்தது. கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு மேலே இருந்த ஏசியை நான் பார்க்கவில்லை.

அக்காவிடம் கேட்டேன். எவ்வளவு பக்குவமாகக் கேட்டாலும் அந்தக் கேள்வி வேறு மாதிரி வராது.

“மேல யாராச்சும் போறாங்களாக்கா?”

“யாரு போவா? சாவி என் இடுப்புலதான் இருக்குது.” பிறகு குரல் மாறியது. “எங்க பொம்பளைங்களச் சொல்றியா நீ?”

“அப்படி இல்லக்கா...”

“அவளுங்க அந்தப் படிகிட்டயே போறதில்ல. பயப்படுறாளுங்கன்னு நானே உன்கிட்ட சொன்னனா இல்லியா? சந்தேகம்னா நாளைக்கு வா. நீயே வந்து பாரு.”

போனை வைத்துவிட்டாள். மறுநாள் போவதாக இருந்தேன்.

மறுநாள் மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தேன். அந்த சிம் கார்டு நம்பர். பூட்டிய அறையிலிருந்து எனக்கு அழைப்பு.

எடுத்தேன். “ஹலோ” என்றேன்.

பதில் இல்லை. கீழே ஓடும் வெட்டும் மெஷினின் ஓசை தரை வழியாக ஏறி வருவது போலக் கேட்டது. ஒரு பெண் யாரையோ சத்தமாகக் கூப்பிட்டாள், வெகு தூரத்தில். அதற்கு மேல், மிக அருகில், என் காதை ஒட்டினாற்போல ஒரு சின்னச் சத்தம். நகத்தால் கண்ணாடியைச் சுண்டுவது போல. டிக். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டிக்.

“யாரு?” என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

டிக்.

அழைப்பு அறுந்தது. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு, கொக்கு பார்க் சிக்னல், எல்லா இடத்திலும் சிவப்பு. வெயிலில் தார் ரோடு பளபளத்தது. சிக்னலில் நின்றபோது மறுபடி போன் அடித்தது, அதே நம்பர். எடுக்கவில்லை. பைக்குள் அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

யூனிட்டுக்குள் நுழைந்ததும் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் சந்தேகப்பட்ட விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒட்டும் மேசையிலிருந்து பசை நெடி அடித்தது. எப்போதும் அடிக்கும் நெடிதான். படி ஏற ஏற அது குறைய வேண்டும். அன்றைக்குக் கூடியது. கொஞ்சம் இனிப்பாக, நகப் பாலிஷ் பாட்டிலைத் திறந்த மாதிரி இருந்தது. கதவின் பூட்டு தொடச் சுட்டது.

திறந்தேன். வெக்கை அடுப்பு வாய் மாதிரி முகத்தில் அறைந்தது. ஏசி ஓடவில்லை. எப்போதோ கரண்ட் போய் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொண்டது. அதற்கு அப்படிச் சொல்லி வைத்திருந்தோம். ஏசிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. தகரக் கூரைக்குக் கீழே அந்த அறை எத்தனை நாளாக அப்படி வெந்துகொண்டிருந்தது என்று தெரியாது.

அறையில் யாரும் இல்லை.

ஸ்டாண்டில் அந்தப் போன் மட்டும் மற்றவற்றைவிடத் தடித்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். உள்ளே பேட்டரி உப்பி, முன்பக்கக் கண்ணாடியை ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டிருந்தது. இடுக்கு வழியாக வெள்ளித் தாள் மாதிரி ஒன்று பிதுங்கித் தெரிந்தது. உள்ளிருந்து அது கண்ணாடியை அழுத்த அழுத்த, போன் அதை விரல் என்று நினைத்துக்கொண்டது. வெள்ளைப் புள்ளி இன்னமும் துள்ளிக்கொண்டிருந்தது. கண்ட இடத்தில் அழுத்தி ஆப்பை மூடி, அழைப்புப் பட்டியலைத் திறந்துவிட்டிருந்தது. அதில் கடைசியாக அழைத்த நம்பர் என்னுடையது. அதைத்தான் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி இன்னும் கொஞ்சம் எழும்பியது. டிக்.

ஒயர்களை எல்லாம் பிடுங்கினேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு அப்போது உறைத்ததெல்லாம் காலுக்குக் கீழே இருந்ததுதான். ஒரு பலகைத் தளம். அதற்குக் கீழே கூரை முட்ட ஸ்பாஞ்சு, பசை டின்கள், தலை குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் பெண்கள். வெளியே போக ஒரே வாசல்.

“அக்கா!” என்று கத்தினேன்.

அவள் படியேறி வந்து வாசலில் நின்று பார்த்தாள். உப்பியிருந்த போனைக் காட்டினேன். திரும்பிக் கீழே பார்த்து, “எல்லாரும் வெளிய போங்க. அப்படியே போட்டுட்டுப் போங்க” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் மெஷின் நின்றது. நாற்காலிகள் நகரும் ஓசை, செருப்பு ஓசை, பிறகு அமைதி.

தீயணைக்க வைத்திருக்கும் சிவப்பு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். இன்னொரு கையில் டீ பாத்திரம் இறக்கும் இடுக்கி.

“நான் எடுக்குறேன்க்கா” என்றேன்.

“நீ தள்ளு.”

இடுக்கியால் போனை மெல்லப் பிடித்து, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் விடுவது போல மணலில் வைத்தாள். வைத்ததும் உள்ளே ஏதோ சீறிற்று, மிக மெல்லிசாக. அக்கா என்னைப் பார்த்தாள். அதைக் கொண்டு இறங்க வேண்டிய வழி அந்த ஹால் வழிதான்.

நான் முன்னால் இறங்கினேன். கீழே கிடந்த ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் காலால் இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே போனேன். துணுக்குகள் என் சேலை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன. அக்கா வாளியை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினாள். அவள் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. வாசல் வெளிச்சம் எதிரில் தெரிந்தது. அது கிட்டத்தில் வரவே மாட்டேன் என்கிறதோ என்று தோன்றியது.

காம்பவுண்டின் கோடியில், சுவர் ஓரமாக வைத்தாள். அவள் பத்தடி தள்ளி வருவதற்குள் வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும்பியது. பிறகு பட்டென்று ஒரு வெடிப்பு, ஊசி மாதிரி நீளமாக ஒரு தீ. மணலையும் மீறி எரிந்தது. பெண்கள் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெருக்கும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒருவர் ஓடிவந்து இன்னும் இரண்டு சட்டி மண்ணைக் கொட்டினார். சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி படிந்தது.

அடங்கிய பிறகு மற்ற போன்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வெளியே ஒரு கல்லின் மேல் வைத்தேன். தட்டையாகக் கிடக்க வேண்டியவை. விரலால் தட்டினால் பாதிக்கு மேல் பம்பரம் மாதிரி சுற்றின. அவையும் உள்ளுக்குள் உப்பிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன; ஒன்று முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீர் குடித்தாள், முகம் கழுவினாள், பெண்களுக்கெல்லாம் டீ வாங்கி வரச் சொன்னாள். டீ டம்ளரை அவளால் ஒரு கையால் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

“இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடு” என்றாள்.

“சரிக்கா.”

“உனக்கு ஏன் போன் பண்ணிச்சு அது?”

கடைசியாக அடித்த நம்பர், உள்ளிருந்து வந்த அழுத்தம் என்று விளக்கினேன். முழுதும் கேட்டாள். “சரி” என்றாள். அந்தச் ‘சரி’யை நான் இன்றுவரை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை.

மறுநாள் இரண்டு பெண்கள் வேலைக்கு வரவில்லை. ஒருத்தி ஒரு வாரம் கழித்து வந்தாள். இன்னொருத்தி துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அந்த மாடி அறையின் கதவை அக்கா எடுத்துவிட்டாள். இப்போது கீழிருந்து பார்த்தாலே அறை முழுக்கத் தெரியும். என்னோடு பேசுகிறாள், பண்டிகைக்கு வருகிறாள், எல்லாம் முன்பு போலத்தான். ஆனால் என் போன் மேசையில் இருந்தால் அதன் பக்கத்தில் உட்காருவதில்லை.

ஆப்பை முடிக்கவேண்டியிருந்தது. தோழி வேறு ஏற்பாடு செய்தாள். இப்போது கம்ப்யூட்டரும் எங்களுடையது இல்லை, போன்களும் எங்களுடையவை இல்லை. எங்கோ ஒரு கம்பெனி வைத்திருக்கிறது. மாதா மாதம் வாடகை கட்டிவிட்டு நாங்கள் இங்கிருந்து நுழைகிறோம். எந்த நாடு, எந்த ஊர் என்றுகூட எங்களுக்குச் சொல்லவில்லை. சுத்தமாக வேலை செய்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு, ஒரு காலை நேரம் சோதனை ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு சன்னல் கறுத்துப் போனது. சாதனம் பதில் தரவில்லை என்று ஒரு வரி வந்தது. ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் அதே இடத்தில் வேறொரு போன், அதே மாதிரி, புதிதாக நின்றது. சோதனை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நான் அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். அந்தப் போனுக்கு என்ன ஆயிற்று, அங்கே யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டேன். உங்கள் சாதனம் மாற்றப்பட்டுவிட்டது, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது. அதுவல்ல என் கேள்வி என்று மறுபடி எழுதினேன். உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது என்று வந்தது. தோழியிடம் சொன்னேன். “விடுடி, அங்க எல்லாத்துக்கும் ஆளுங்க இருப்பாங்க” என்றாள்.